காரணம் கேட்காத படகு

1

போன மாதம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் மனைவி பத்மா ஒரு படம் போட்டாள். கழுத்திலிருந்து கணுக்கால் வரை கறுப்பு ரப்பர் உடுப்பு, முதுகில் சிலிண்டர், நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடி, காலில் வாத்துக்கு இருப்பது போல அகலமான துடுப்பு. உள்ளே இருப்பது நான்தான். ஸ்ரீரங்கம் வடக்குச் சித்திரை வீதியில் இருக்கும் என் அத்தை பிள்ளை சம்பத், "யாருடா இது, காஸ் போட வந்தவனா?" என்று உடனே கேட்டுவிட்டான். திருவானைக்காவல் சித்தி, எனக்கு மூச்சுக் கோளாறு வந்து ஆக்ஸிஜன் வைத்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டி, தாயாருக்குப் புடவை சாத்துவதாக வேண்டிக்கொண்டுவிட்டாள். விஷயம் தெரிந்த பிறகு எல்லாரும் சேர்ந்து கேட்டது ஒரே கேள்விதான்: உனக்கு நீச்சலே தெரியாதே?

தெரியாதுதான். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? ஒரு பக்கம் காவிரி, மறுபக்கம் கொள்ளிடம் என்று நட்டநடுத் தீவில் பிறந்தவன்தான் நான். ஆனால் எங்கள் வீட்டில் ஆறு என்பது குளிக்கிற இடம். அம்மா மண்டபத்துப் படியில் மூக்கைப் பிடித்துக்கொண்டு மூன்று முழுக்கு, கரையேறு, தலையைத் துவட்டு, அவ்வளவுதான். தண்ணீர் வந்தால் சுழல் இழுத்துவிடும் என்று அம்மா விடமாட்டாள். தண்ணீர் இல்லாத மாதங்களில் நீந்துவதற்கு மணல்தான் இருந்தது. அப்படி வளர்ந்தவன் ஐம்பத்தாறு வயதில் ஆஸ்திரேலியாவில் கடலுக்கு அடியில் போய்வந்தது எப்படி என்று தனித்தனியாகப் பதில் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. ஆகவே ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன்.

2

பிரிஸ்பேனுக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். எங்களுக்கு ஒரே பெண். ஆண்டாள் பெயராக இருக்கட்டும் என்று கோதை என வைத்தோம். பள்ளிக்கூடத்தில் முதல் நாளே அது கேத்தி ஆகிவிட்டது. வீட்டில் மட்டும் அவள் அம்மாவிடம் கற்ற தமிழ், பாடம் பண்ணி வைத்தது போல அப்படியே இருக்கிறது. இன்றைய ஸ்ரீரங்கத்துப் பெண்கள்கூட அப்படிப் பேசுவதில்லை.

கோதை கடல்வாழ் உயிர்களைப் பற்றிப் படித்தாள். ஆராய்ச்சி என்று பாதி நாள் தண்ணீருக்குள்தான் இருப்பாள். இப்போது நார்வேயில் வேலை கிடைத்துவிட்டது. அந்தக் குளிரில் பால் எப்படித் தோயும் என்பது பத்மாவின் கவலை. என் கவலையை நான் யாரிடமும் சொல்லவில்லை. "நல்ல வேலைதானே, பேஷாப் போயிட்டு வா" என்று சொல்லிவிட்டு, பின்கட்டில் போய்த் துளசிக்குத் தண்ணீர் விட்டேன். காலையில்தான் விட்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோதை என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, நான் போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை என்னோட கடலுக்குள்ள வாங்கோ. இத்தனை வருஷமா நான் எங்க போயிட்டு வரேன்னு நீங்க பாத்ததே இல்லையே."

எனக்கு உள்ளுக்குள் ஜிவ்வென்றது. ஆனால் வாய் பழக்கப்படி, "எனக்கெதுக்கும்மா அதெல்லாம்" என்றது. கோதையின் முகம் வாடியது. அடுப்படியிலிருந்து பத்மா குரல் கொடுத்தாள்: "அவர் வருவார். இன்னும் ரெண்டு தரம் கேளுடி." கோதை கேட்டாள். நான் வருவதாக ஆயிற்று.

ஊரில் இருக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒருவர் வீட்டுக்குப் போகிறோம். காபி சாப்பிடறேளா என்கிறார்கள். முதலில் வேண்டாம் என்போம், அது மரியாதை. மறுபடி கேட்டால் இப்போதுதான் குடித்தேன் என்போம், அது லட்சணம். மூன்றாவது தரம் கேட்க மாட்டார்கள், டம்ளரே வந்துவிடும். முதல் வார்த்தையிலேயே கொடுங்கள் என்பவன் அலைகிறவன். முதல் வேண்டாமிலேயே சரி என்று உட்கார்ந்துவிடுகிற வீட்டுக்காரன் கதி அதைவிட மோசம். சாயங்காலத்துக்குள் அவன் பெயர் ராஜகோபுரம் வரைக்கும் நாறிவிடும்.

இந்த நாட்டில் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். எங்கள் ஆபீஸில் யாருக்காவது பிறந்தநாள் என்றால் கேக் வெட்டுவார்கள். சேர்ந்த புதிதில் நான் வேண்டாம் என்று சொன்னேன். தட்டு என்னைத் தாண்டிப் போய்விட்டது. அன்றிலிருந்து இன்றுவரை ரங்கராஜனுக்கு இனிப்பு பிடிக்காது என்று அங்கே ஊரறிந்த செய்தி. என் பிறந்தநாளுக்கு ஒரு தட்டில் கேரட்டை நறுக்கி வைத்து, அதில் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். நான் அசடு வழிந்துகொண்டே ஊதினேன்.

3

அப்புறம் சில மாதம் நான் பட்ட பாடு. முனிசிபல் நீச்சல் குளத்தில் முக்கால்வாசி என் இடுப்பு உயரப் பிள்ளைகள். அவர்கள் எல்லாரும் என்னை முந்திப் போனார்கள். பிறகு டைவிங் பயிற்சி. அதற்கு டாக்டர் சான்றிதழ் வேண்டும். அடைசலான இடத்தில் பயம் உண்டா என்று டாக்டர் கேட்டார். வைகுண்ட ஏகாதசி அன்று விடியற்காலையில் பரமபத வாசல் வழியாகப் போனவன் நான் என்றேன். அது என்ன என்று கேட்டார். விளக்கினேன். எத்தனை பேர் என்று கேட்டார். அதையும் சொன்னேன். அதற்கு மேல் அந்த விஷயத்தில் அவர் கேள்வியே கேட்கவில்லை. அடுத்து ஒரு பத்திரம். எந்தெந்த விதத்தில் செத்தாலும் கம்பெனி பொறுப்பில்லை என்று பக்கம் பக்கமாகப் போட்டிருந்தது. மனுஷன் இத்தனை தினுசாகச் சாகலாம் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். பத்மா காலண்டரைப் பார்த்து, ராகு காலம் போகட்டும் என்று என்னை உட்கார வைத்து, பிறகுதான் கையெழுத்துப் போடவிட்டாள்.

பயிற்சியில் ஒரே ஒரு வித்தையில் நான்தான் முதல். ஆழத்துக்குப் போகப் போகக் காது அடைக்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதினால் திறக்கும். சிறு வயதிலிருந்து காவிரியிலும் சந்தியாவந்தனத்திலும் மூக்கைப் பிடித்தே வளர்ந்த எனக்கு இதெல்லாம் ஜுஜுபி. வாத்தியார் மற்றவர்களை என்னைப் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொன்னார். பிரிஸ்பேன் பக்கத்துக் கடலில், சாம்பார் நிறத் தண்ணீரில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சில தடவை இறங்கி ஏறினேன். பாஸ் என்று அட்டை கொடுத்துவிட்டார்கள்.

4

கெய்ன்ஸ் துறைமுகத்திலிருந்து கிளம்புகிற படகு அது. படகு என்றால் நம்மூர்ப் பரிசல் இல்லை. மாடி வைத்த வீடு. மூன்று நாள் கரைக்கே திரும்பாது. பவளத் திட்டுகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருக்கும். காலையில் மணி அடித்தால் குதி, ஏறினால் சாப்பிடு, தூங்கு, மணி அடித்தால் மறுபடி குதி. பத்மா வரவில்லை. காவிரிப் பாலத்தில் டவுன் பஸ் போனாலே அவளுக்குத் தலை சுற்றும். நடுக்கடலில் போன் சிக்னலும் கிடையாது. இந்த இரண்டும் சேர்ந்து என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று அப்போது தெரியவில்லை.

முதல் நாள் எல்லாரையும் உட்கார வைத்து விதிகளைச் சொன்னாள் கெய்லி. அவள்தான் டைவர்களுக்குத் தலைவி. ஆறடி உயரம், வெயிலில் வெளுத்த முடி. அவள் சொன்னதில் முக்கியமான விதி இது: யாரும், எந்த நேரத்திலும், எந்த டைவையும் வேண்டாம் என்று சொல்லலாம். காரணம் சொல்ல வேண்டாம். ஏன் என்று யாரும் கேட்கக்கூடாது. வா வா என்று வற்புறுத்தவே கூடாது. பயந்தவனை வற்புறுத்தித் தண்ணீரில் இறக்கினால் அவன் அடியில் போய்த் தவிப்பான், கூடப் போனவனையும் சேர்த்து இழுப்பான் என்றாள். நியாயமான விதி. நான்கூடப் பலமாகத் தலையாட்டினேன்.

மணி அடித்தது. கெய்லி என்னிடம் வந்து, முதல் குழுவில் போகிறாயா என்று கேட்டாள். மற்றவர்கள் முதலில் போகட்டுமே, எனக்கென்ன அவசரம், பரவாயில்லை என்று சொன்னேன். அவள் சிரித்த முகத்தோடு சரி என்று சொல்லி, இறங்குகிறவர்கள் பட்டியல் எழுதியிருந்த பலகையில் என் பெயரைத் துடைத்துவிட்டாள். நான் பேந்தப் பேந்த விழித்தேன். கோதை ஓடி வந்து, "வரேளாப்பா?" என்றாள். உண்மையைச் சொல்ல வேண்டும். அலை கொஞ்சம் பெரிதாக இருந்தது. போதாததற்கு, நான் கூடப் போனால் பெண் மீனைப் பார்ப்பாளா, என்னைப் பார்ப்பாளா என்றும் தோன்றியது. "நீ போம்மா, நான் எதுக்கு நடுவுல" என்றேன். பாதி மரியாதை, பாதி பயம். "அதெல்லாம் முடியாது, எழுந்திருங்கோ" என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பயம் போயிருக்கும். நம் ஊரில் உபசாரம் என்பதே பாதி அதற்குத்தானே இருக்கிறது?

"சரிப்பா" என்றாள் கோதை. தொப்பென்று குதித்துவிட்டாள்.

அடுத்த மணிக்கும் இதே கதைதான். ரப்பர் உடுப்பைப் பாதி மாட்டிக்கொண்டு, யாராவது கூப்பிடுவார்களா என்று தயாராக உட்கார்ந்திருந்தேன். ஆளாளுக்குச் சிரித்துவிட்டுப் போனார்களே தவிர, ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. சாப்பாட்டிலும் அதே விதி. தாடி வைத்த சமையல்காரர் எனக்கென்று தனியாகக் காய்கறிச் சோறு பண்ணியிருந்தார். இன்னும் போடட்டுமா என்று கேட்டார். போதும் போதும் என்று இலைக்குக் குறுக்கே கை காட்டுகிற மாதிரித் தட்டுக்குமேல் கையைக் காட்டினேன். தட்டையே எடுத்துக்கொண்டு போய்விட்டார். கடல் காற்றுக்கு வயிறு கபகபவென்று எரிந்தது. பத்மா பொரித்துக் கட்டிக் கொடுத்த தட்டை இருந்ததோ, பிழைத்தேன்.

5

ஆளில்லாத மேல்தளத்தில் தட்டையைக் கடித்துக்கொண்டிருந்தபோது என் கல்யாணம் ஞாபகம் வந்தது. காசி யாத்திரை என்று ஒரு சடங்கு எங்களில் உண்டு. மாப்பிள்ளை குடை, விசிறி, புதுச் செருப்பு சகிதம், எனக்குக் கல்யாணம் வேண்டாம், காசிக்குப் படிக்கப் போகிறேன் என்று கிளம்ப வேண்டும். பெண்ணின் அப்பா வழி மறித்து, காசி எங்கும் போய்விடாது, என் பெண்ணைத் தருகிறேன், திரும்பி வாருங்கள் என்று கெஞ்ச வேண்டும். கெஞ்சினால்தான் கல்யாணம்.

எங்கள் கல்யாணம் ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் சாலையில் ஒரு சத்திரத்தில். நான் கண்ணில் மையோடு குடையை விரித்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். மாமனாரைக் காணோம். சம்பந்தி வீட்டுக் காபி ஆறிப்போய்விட்டது என்று உள்ளே ஏதோ ரகளை. அதைச் சமாதானப்படுத்தப் போயிருந்திருக்கிறார். கல்யாணத்தை நடத்திவைக்கிற வாத்தியார் நடங்கோ நடங்கோ என்றார். நடந்தேன். வாசலைத் தாண்டினேன். பூக்கடை, வாழைப்பழக்கடை எல்லாம் தாண்டினேன். நிறுத்தச் சொல்ல ஆளில்லாததால் நாதஸ்வரக்காரரும் ஊதிக்கொண்டே பின்னால் வந்தார். நானாகத் திரும்ப முடியுமா? கூப்பிடாமல் திரும்புகிற மாப்பிள்ளையை உலகம் என்ன சொல்லும்? பஸ் நிறுத்தத்துக்கே வந்துவிட்டேன். டவுன் பஸ் ஒன்று நின்றது. கண்டக்டர் என்னையும் குடையையும் பார்த்து, "சத்திரம் பஸ் ஸ்டாண்டா, ஜங்ஷனா? ஏறுங்க சாமி" என்றார். ஒரு காலைத் தூக்கிப் படியில் வைத்திருப்பேன், சத்தியமாக. அதற்குள் மாமனார் யாரோ ஒருவரின் ஸ்கூட்டர் பின்னால் உட்கார்ந்து, மாப்ளே மாப்ளே என்று கத்திக்கொண்டே வந்து சேர்ந்தார். அவரைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

திரும்பி ஒரு பார்வை பார்த்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று பத்மா இன்றைக்கும் கேட்கிறாள். அன்றைக்காவது துரத்திக்கொண்டு வர ஒரு மாமனார் இருந்தார். பசிபிக் கடலில் யார் ஸ்கூட்டரில் வரப்போகிறார்கள்?

6

இரண்டாம் நாளும் என் பெயர் பலகையில் ஏறவில்லை. ஒவ்வொரு தடவையும் கோதை வந்து கேட்டாள். ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு தரம் கேட்டாள். நானும் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஆமையைப் பார்த்தோம், சுறாவைப் பார்த்தோம் என்று எல்லாரும் ஏறி வந்து ஆளுக்கு ஒரு கதை சொன்னார்கள். அத்தனைக்கும் சபாஷ் போட்டேன்.

சாயங்காலச் சாப்பாட்டில் கோதை தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"சாரிப்பா. என் ஆசைக்காக உங்களைக் கஷ்டப்படுத்திட்டேன். இனிமே உங்களைக் கேக்க வேண்டாம்னு கெய்லிகிட்டயும் சொல்லிட்டேன். நீங்க நிம்மதியா இருங்கோ."

நான் ஸ்பூனைக் கீழே வைத்தேன். கேட்டுக்கொண்டிருந்த அந்த ஒரு தரமும் போயிற்று. மறுநாள் காலையில் ஒரே ஒரு டைவ்தான் பாக்கி. அது முடிந்தால் படகு கரைக்குத் திரும்பிவிடும். அடுத்த வாரம் பெண் நார்வேக்குப் பறந்துவிடுவாள். சின்னப் பிள்ளைகளோடு முனிசிபல் குளத்தில் தண்ணீர் குடித்ததெல்லாம் இந்தப் படகில் உட்கார்ந்து தட்டை தின்பதற்கா என்று என்மேலேயே எரிச்சலாக வந்தது. எனக்குத் தெரியும், இதில் அவள் தப்பு ஒன்றும் இல்லை. வேண்டாம் என்று சொன்னவனை விட்டுவிடுவதுதான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்த மரியாதை. சொல்லிக் கொடுத்த ஊருக்கு அவளைக் கூட்டிவந்ததும் நான்தான்.

காலையில் மணி அடித்தது. எல்லாரும் பின்தளத்தில் சிலிண்டரை மாட்டிக்கொண்டிருந்தார்கள். கோதை குனிந்து துடுப்பைப் போட்டுக்கொண்டிருந்தாள். யாரும் என் பக்கம் திரும்பவே இல்லை. விதியை அவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடிக்கிற ஜனங்களை நான் எங்கும் பார்த்ததில்லை. அவள் முன்னால் போய் நின்றேன்.

"கோதே, நானும் வரேன்."

நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை, கவலைதான் இருந்தது. "எனக்காக வேண்டாம்ப்பா" என்றாள்.

"உனக்காக இல்லடி. எனக்கு வேணும்."

சொன்ன பிறகு எனக்கே அந்தக் குரல் புதிதாக இருந்தது. சோறாகட்டும், சம்பள உயர்வாகட்டும், எனக்கு வேண்டும் என்று நான் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதாக ஞாபகம் இல்லை. கோதை எழுந்து, என் சிலிண்டர் வாரை இழுத்துக் கட்டினாள். கெய்லி பலகையில் என் பெயரை எழுதி, எழுத்துக்கூட்டிச் சரியா என்று கேட்டாள். சரியில்லை. பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

குதித்ததும் உப்புத் தண்ணீர், நுரை, தலைகீழாக ஒரு வானம். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கோதையின் கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. மூக்கைப் பிடித்து ஊதினேன், காது திறந்தது. படகிலிருந்து தொங்கிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினோம், கெய்லி பின்னால் வந்தாள். கீழே போகப் போக என் மூச்சுச் சத்தம் மட்டும்தான் கேட்டது. பவளப்பாறை மேல் தாழம்பூ நிறத்திலும் கத்தரிப்பூ நிறத்திலும் மீன்கள் கும்பல் கும்பலாகத் திரிந்தன. ஒரு பெரிய ஆமை எங்களைப் பார்த்துவிட்டு, அவசரமே இல்லாமல் பாசியைத் தின்றுகொண்டிருந்தது. அதையெல்லாம் பார்த்தேன் என்று சொல்வதற்கில்லை. நான் அதிகம் பார்த்தது கோதையைத்தான். தரையில் எதையாவது தட்டிவிட்டு, இடித்துக்கொண்டே நடக்கிற பெண் அவள். இங்கே ஒரு மணல்கூடக் கலங்காமல் மிதந்தாள். ஒரு பாறை இடுக்கைக் காட்டினாள், என்னமோ சின்னதாக ஒன்று அங்கே ஆடியது. அதைப் பார்த்து அவள் கண் கண்ணாடிக்குள் சிரித்தது. இவள் இந்த வீட்டில்தான் இத்தனை வருஷமாக இருந்திருக்கிறாள், நான்தான் வாசலோடு நின்றிருக்கிறேன் என்று புரிந்தது.

மேலே வந்ததும், சிலிண்டரோடு மாட்டியிருந்த மிதவைச் சட்டையில் காற்றை ஏற்றிக்கொண்டு இருவரும் மிதந்தோம். படகு கொஞ்சம் தள்ளி நின்றது. கோதை வாயிலிருந்து குழாயை எடுத்தாள். மூச்சு வாங்கினாள்.

"நீங்க வர மாட்டேன்னு சொல்லச் சொல்ல, நான் நார்வே போறது உங்களுக்குப் பிடிக்கலைன்னு நெனச்சேன்ப்பா. அதுக்குத்தான் கோவமா இருக்கேள்னு."

இல்லையம்மா, சேச்சே, அதெல்லாம் ஒன்றுமில்லை என்று நுனி நாக்கில் பதில் தயாராக இருந்தது. விழுங்கினேன்.

"கோவம் இல்ல. ஆனா பிடிக்கலைதான். நீ போறது எனக்குக் கொஞ்சம்கூடப் பிடிக்கல. நீ இல்லாத வீட்ல நானும் அம்மாவும் என்ன பண்ணப்போறோம்னு தெரியல."

அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். நானும்தான். "இதை ஏம்ப்பா இத்தனை நாள் சொல்லலை?" என்றாள்.

"சொன்னா நீ போக மாட்டியோன்னுதான். நீ போகணும். போயிட்டு வா."

அவள் அலையில் மோதி வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். இரண்டு சிலிண்டரும் ணங்கென்று இடித்துக்கொண்டன. படகின் விளிம்பிலிருந்து கெய்லியின் உதவியாளர் ஒருவர், நீங்கள் இருவரும் நலமா என்று கைகாட்டிக் கேட்டார். நலமென்றால் ஒரு கையைத் தூக்கித் தலை உச்சியில் வைத்துக் காட்ட வேண்டும். இருவரும் தனித்தனியாகக் காட்டினால்தான் ஒத்துக்கொள்வார்கள். கோதை ஒரு கையால் என்னைப் பிடித்துக்கொண்டே மறுகையைத் தன் தலையில் வைத்தாள். நானும் வைத்தேன். அழுதுகொண்டேதான் வைத்தோம்.